சேர்வராயன் மலையில் டேபிள் டென்னிஸ் பந்து வெளியே போவது குறித்து ஓர் ஆய்வு

ஏற்காட்டு டேபிள் டென்னிஸ் எனப்படுவது, மலையேறி வந்த குடும்பத்தினர் மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காப்பிக்கும் நடுவே தங்கும் விடுதியின் தாழ்வாரத்தில் ஆடும் ஆட்டம். விதிப்படி மேசையின் நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர், உயரம் 76 சென்டிமீட்டர். வலையின் உயரம் 15.25 சென்டிமீட்டர். விடுதி மேசைகளில் இவற்றுள் முதலிரண்டு அளவுகளை நம்பலாம். மூன்றாவது, தாழ்வாரத் தரையின் வாட்டத்தைப் பொறுத்தது. நான்காவது, முந்தைய நாள் தங்கியிருந்த குழந்தைகளைப் பொறுத்தது.

இவ்வாட்டத்தின் மூலப் பிரச்சினை ஒன்றே: அடித்த பந்து ஏன் மேசையில் விழுவதில்லை? இதில் ஆட்டக்காரர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். நான்காவதாக, தன் ஆட்டமே காரணமாக இருக்கலாம் என்று எண்ணும் கட்சியில் இன்றுவரை யாரும் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

முதலாவது காற்றுக் கட்சி. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏழில் ஒரு பங்கு போலக் குறைவு. பந்தோ 40 மில்லிமீட்டர் விட்டமும் 2.7 கிராம் எடையும் கொண்டது. இவ்வளவு லேசான பொருளுக்குக் காற்று சாமானியமான எதிரி அல்ல. நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் போகும் பந்தைக் காற்று பின்னுக்கு இழுக்கும் விசை, அந்தப் பந்தின் எடையையே மிஞ்சும். மலையில் அந்த இழுவை குறைகிறது. டாப் ஸ்பின் பந்தைக் கீழே வளைத்து இறக்கும் விசையும் கூடவே குறைகிறது. ஆகவே சென்னையில் மேசையின் கடைசியில் விழுகிற அடி, ஏற்காட்டில் சற்றுத் தள்ளித்தான் விழும். இதுவரை காற்றுக் கட்சி சொல்வது சரி. பந்து மேசையைத் தாண்டி, படிக்கட்டைத் தாண்டி, ரோஜாத் தொட்டியையும் தாண்டிப் போவதற்கும் அவர்கள் இதையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஏழில் ஒரு பங்குக்கு அவ்வளவு பலம் கிடையாது.

இரண்டாவது ஈரக் கட்சி. மூடுபனி தாழ்வாரத்துக்குள் புகுந்ததும் பந்தின் மேலும் மட்டையின் ரப்பர் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிகிறது. ரப்பர் பந்தைக் கவ்வுவதால்தான் சுழற்சி பிறக்கிறது. ஈர ரப்பர் கவ்வாது, பந்து வழுக்கி வலையில் போய் முட்டும். இதுவும் உண்மையே. ஆட்டத்தின் விதிகள் ஆறு புள்ளிக்கு ஒருமுறை துண்டால் துடைத்துக்கொள்ள இடம் தருகின்றன. ஏற்காட்டில் அந்தத் துண்டை முகத்துக்கு முன் மட்டைக்குப் பயன்படுத்துவது நல்லது.

இவ்விரு கட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒரு சிக்கல் எழுகிறது. மெலிந்த காற்று பந்தை நீட்டுகிறது, ஈரம் பந்தைக் குறுக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்ட, பனி இறங்கிய பிற்பகலில் சேர்வராயன் மலையில் அடிக்கும் ஒவ்வொரு பந்தும் கச்சிதமாக மேசையில் விழுந்தாக வேண்டும். விழுவதில்லை.

மூன்றாவது மட்டைக் கட்சி. "பேட் சரியில்ல மாப்ள" என்பது இவர்களின் மூல வாக்கியம். இவர்களுக்கு வரலாற்று ஆதாரம் உண்டு. 1952இல் பம்பாயில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ, தடித்த ஸ்பாஞ்சு ஒட்டிய மட்டையோடு வந்து ஆடவர் ஒற்றையரில் பட்டம் வென்றார். புள்ளி ரப்பரின் டக் டக் ஓசையைக் கேட்டே பழகியிருந்த எதிராளிகளுக்கு, சத்தமில்லாமல் வரும் பந்தைக் கணிக்க முடியவில்லை. மட்டை மாறினால் ஆட்டம் மாறும் என்பது அன்று இந்திய மண்ணிலேயே நிரூபணமாயிற்று. ஆனால் விடுதியில் கொடுக்கும் இரண்டு மட்டைகளும் ஒரே அளவுக்கு வழுவழுப்பானவை, இடைவேளையில் இருவரும் மட்டையை மாற்றிக்கொள்கிறார்கள், தோற்கிறவர் மட்டும் மாறுவதில்லை. இந்த இடத்தில் மட்டைக் கட்சியின் வாதம் முடிந்துவிடுகிறது.

மேசையைக் குறைசொல்வோர் முதலில் அதைச் சோதித்துப் பார்க்கலாம். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று போதும். அதன் 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பந்தைக் கைவிட்டால், நல்ல மேசையில் அது ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும். நடுவில் அப்படி எழும்பி, ஈரத்தில் உப்பிய மூலையில் பதினைந்தோடு நின்றுவிட்டால் அது செத்த மூலை. அங்கே விழுந்த புள்ளியைப் பற்றி மட்டும் புகார் செய்யும் உரிமை ஆட்டக்காரருக்கு உண்டு. அதே ஸ்கேலில் சர்வீஸையும் அளக்கலாம்: விரித்த உள்ளங்கையிலிருந்து பந்து 16 சென்டிமீட்டராவது மேலே எழும்பிய பிறகே அடிக்க வேண்டும். இந்த விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினால், விடுதி ஆட்டங்களில் பெரும்பாலானவை முதல் புள்ளியையே தாண்டா.

எஞ்சி நிற்கும் காரணம் ஆட்டக்காரர். மட்டையைத் தோசைக்கரண்டி போலப் பிடித்திருப்பவர் முதலில் பிடியை மாற்ற வேண்டும். கை குலுக்குவதற்கு நீட்டுகிற வாக்கில் பிடித்தால் இரு பக்கமும் அடிக்க வரும். ஆனால் பெரிய குறை கையில் இல்லை, காலில் இருக்கிறது. சொந்த ஆட்டத்தைப் பந்து வரும் இடத்தில் நடத்தாமல், நின்ற இடத்திலிருந்து எட்டி நடத்துவதே மலைவாசத் தலத்து ஆட்டத்தின் இலக்கணம். இதற்கு மருந்தாக உலகெங்கும் சொல்லப்படுவது ஸ்வீடனின் ஃபால்கன்பெர்க் ஊர்ப் பெயரால் வழங்கும் பயிற்சி. இடது மூலைக்கு வரும் முதல் பந்தைப் பின்கையால் அடிப்பது. அதே மூலைக்கு வரும் அடுத்த பந்துக்குச் சுற்றி நகர்ந்து முன்கையால் அடிப்பது. மூன்றாவதை வலது ஓரத்துக்கு ஓடி மறுபடி முன்கையால் அடிப்பது. உடனே இடது மூலைக்குத் திரும்புவது. இடக்கைக்காரருக்கு எல்லாம் எதிர்த்திசை. எதிரே நிற்பவர் பந்தை நிதானமாகத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மைத்துனர்கள் இதற்கு ஏற்றவர்கள் அல்லர். "சும்மா தட்டிக் குடு மாப்ள" என்று கெஞ்சினாலும் மூன்றாவது பந்தை ஓங்கி அடித்துவிடுவார்கள்.

துணை கிடைக்காதவர் பந்தே இல்லாமல் அறைக்குள் நிழலாட்டம் ஆடலாம். அல்லது எதிர்ப்பக்கத்தில் செய்தித்தாளை நான்காக மடித்துப் போட்டு, அதன் மேலேயே விழும்படி சர்வீஸ் பழகலாம். வயதைக் காரணம் காட்டுவோருக்கு ஒரு தகவல்: சென்னைக்காரரான சரத் கமல் 2006இல் மெல்போர்னில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வென்றார், பதினாறு ஆண்டு கழித்து, தம் நாற்பதாவது வயதில், பர்மிங்ஹாமில் அதை மீண்டும் வென்றார். இத்தகவலை விடுதியில் நாற்பது வயதைத் தாண்டியவர்களே அடிக்கடி எடுத்துச் சொல்கிறார்கள், பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்தபடி.

பந்து பொறுக்குதலும் பயிற்சியின் ஓர் அங்கம். செலவாகும் நேரத்தை வைத்துப் பார்த்தால் அதுவே பிரதான அங்கம். தாழ்வாரம் சரிவில் முடிகிறது, சரிவில் காப்பித் தோட்டம் தொடங்குகிறது. சில்வர் ஓக் சருகுகளுக்கு நடுவே பந்து உருளாமல் நின்றுவிடும் என்பது ஒரு சௌகரியம். ஆரஞ்சு நிறப் பந்தானால் கண்ணிலும் படும். கோடை மழைக்குப் பின் காப்பிச் செடி வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும் சில நாட்களில் வெள்ளைப் பந்தோடு ஆடுவது வீண் துணிச்சல். எடுத்து வரும் கடமை அடித்தவருக்கா, விட்டவருக்கா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. நடைமுறையில் அது வயதில் இளையவர் தலையில் விழுகிறது. கடைசிப் பந்தும் போனபின், மூன்று நட்சத்திரம் போட்ட பந்துதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் போய் வாங்கி வர வேண்டியதுதான்.