எஞ்சுநீரியல்: குளியல் தொட்டியில் வடியாத தண்ணீர் குறித்து ஓர் ஆய்வு

குளியல் தொட்டி என்பது தண்ணீரை நிரப்புவதற்கும், நிரப்பியதை வெளியேற்றுவதற்கும் ஏற்பட்ட கலம். முதற்பாதியைப் பற்றி அறிஞர்கள் ஏற்கெனவே நிறையக் கவலைப்பட்டாகிவிட்டது. தொட்டியில் இறங்கியதும் தண்ணீர் வழிவதைக் கண்டு ஆர்க்கிமிடீஸ் துணியில்லாமல் வீட்டுக்கு ஓடிய கதையை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்தார். ஓடியவர் போனபின் அந்தத் தொட்டி முழுதாக வடிந்ததா என்பது பற்றி அவர் மூச்சு விடவில்லை.

1644இல் டோரிசெல்லி, துளை வழியே பாயும் நீரின் வேகம் மேலே நிற்கும் நீரின் உயரத்தைப் பொறுத்தது என்று நிறுவினார். உயரம் நாலில் ஒன்றானால் வேகம் பாதியாகும். தண்ணீர் குறையக் குறைய, போகிற அவசரமும் குறையும் என்பது இதன் பொழிப்புரை. 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆஷர் ஷபிரோ என்ற பேராசிரியர், ஆறடி விட்டமுள்ள தொட்டியில் தண்ணீரை ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்திருந்து, பிறகு அடைப்பானை எடுத்து, அது எந்தப் பக்கம் சுழன்று இறங்குகிறது என்று பார்த்தார். பூமியின் சுழற்சிக்கேற்ப இடஞ்சுழியாக இறங்கியது. போகிற தண்ணீர் எப்படிப் போகிறது என்பதற்கு இவ்வளவு பாடு. போகாத தண்ணீர் ஏன் போகவில்லை என்று கேட்க நாதியில்லை. அக்குறையை நிரப்பவே இவ்வாய்வு எழுந்தது.

ஆய்வுக்களம், சென்னைப் புறநகரில் ஓர் அடுக்ககம். ஆய்வுப்பொருள், புதிதாகப் பதித்த ஐந்தடி அக்ரிலிக் தொட்டி. அடைப்பானைத் தூக்கினால் தண்ணீர் சுறுசுறுப்பாகத்தான் கிளம்பும். கடைசியில் மட்டும், போகும் துளைக்கு எதிர்க்கோடியில், இரண்டு செம்பு அளவுக்குத் தங்கிவிடும். ஆய்வாளரின் மனைவி அதைக் குட்டை என்று வகைப்படுத்தினார். மாமியார், டெங்குக் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும் என்ற மருத்துவ உண்மையை நினைவூட்டி, மாநகராட்சிக்காரர்கள் வந்தால் தாமே முன்னின்று காட்டிக்கொடுப்பதாக உறுதியளித்தார். தொட்டி விற்ற கடைக்காரர், "துணி போட்டு ஒத்தி எடுத்துருங்க சார்" என்றார். இதை ஆய்வு முடிவாக ஏற்பதற்கில்லை.

தேங்கு நீர் மூவகைப்படும்.

முதலாவது பரப்புநீர். வழவழப்பான சமதளத்தில் தண்ணீர் தன்னைத்தானே இறுகப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரம் வரை நிற்கும். பரப்பு இழுவிசையின் வேலை இது. இயற்கைக் குற்றமாதலால் யார்மீதும் வழக்கில்லை.

இரண்டாவது வளையநீர். துளையில் மாட்டும் வேஸ்ட் கப்ளிங்கின் விளிம்பு, தொட்டியின் அடிமட்டத்தில் உள்ள பள்ளத்துக்குள் அடங்கி உட்கார வேண்டும். அதற்கடியில் தடித்த ரப்பர் வாஷரை வைத்து முறுக்கிவிட்டால் விளிம்பு மேலே எழும்பி நிற்கும். தண்ணீர் வாசல்வரை வந்து, படி ஏற முடியாமல், துளையைச் சுற்றி வளையமாகக் காவல் நிற்கும். கப்ளிங்கைக் கழற்றி, மேல்பக்க வாஷரை எடுத்துவிட்டு, சிலிக்கானை மெல்லிசாகப் பூசி மறுபடி பொருத்தினால் தீர்ந்தது. ஸ்பானரும் ஒரு காலைப்பொழுதும் போதும்.

மூன்றாவதே இக்கட்டுரையின் உயிர்நாடி: எதிர்வாட்டநீர். இதை விளங்கிக்கொள்ள, தமிழ்நாட்டுக் கொத்தனாரின் தர்மத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். மொட்டை மாடியோ திண்ணையோ குளியலறையோ, தண்ணீர் படும் இடம் எதுவானாலும் அவர் கை தானாகவே வாட்டம் விடும். அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்தால் ஐந்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் இறக்கம். இது குறைசொல்லக்கூடிய பழக்கமல்ல. மொகஞ்சதாரோவின் பெருங்குளம் ஏறக்குறைய 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் தரையைக்கூட தென்மேற்கு மூலையிலுள்ள வடிகாலை நோக்கிச் சரித்துத்தான் செங்கல் பாவியிருக்கிறார்கள். அங்கே எதிர்க்கோடியில் குட்டை நின்றதாக யாரும் எழுதக் காணோம்.

சிக்கல் எங்கே என்றால், குளியல் தொட்டி தனக்குரிய வாட்டத்தைத் தொழிற்சாலையிலிருந்தே கொண்டுவருகிறது. அடிப்பகுதி துளையை நோக்கிச் சரியும்படியே வார்க்கப்பட்டிருக்கும். விளிம்பு மட்டமாக இருந்தால்தான் உள்வாட்டம் வேலை செய்யும். ஆனால் நம் வீடுகளில் தரைக்கு முதலில் வாட்டம் விட்டுவிட்டு, அந்தத் தரையின் மேலேயே தொட்டியை உட்காரவைக்கிறார்கள். தரையின் இறக்கம் கதவோரத்து நானி ட்ராப் என்னும் தரைவடிகாலை நோக்கி. தொட்டியின் துளையோ குழாய் இறங்கும் சுவரை ஒட்டி, நேர் எதிர்ப்பக்கம். உள்வாட்டத்தைத் தரைவாட்டம் தின்றுவிடும். இரண்டு பேர் தனித்தனியே நேர்மையாக வேலை செய்ததன் கூட்டுப்பலனே அந்த இரண்டு செம்புத் தண்ணீர்.

தொட்டியின் விளிம்பில் நீளவாட்டில் ரசமட்டம் வைத்துப் பார்க்கப்பட்டது. குமிழி கோட்டைத் தாண்டித் துளைப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. குமிழி மேட்டைத் தேடும். ஆகவே துளைப்பக்கமே மேடு. பக்கத்து வீட்டுப் பையனிடம் கோலி ஒன்று கடன் வாங்கித் தொட்டிக்குள் விடப்பட்டது. கோலியும் துளைக்கு முதுகு காட்டி ஓடியது. பையன் இந்தச் சோதனையை நிறுத்த விடாததால் தரவுகள் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டன.

முடிவுகளை உரியவர்களிடம் சமர்ப்பித்தபோது இரு சம்பிரதாயங்கள் மோதின. கொத்தனார் தரப்பு வாதம்: "வாட்டம் விடாம நான் வேலை செஞ்சதே இல்ல சார். தொட்டிதான் கோணல்." பிளம்பர் தரப்பு வாதம்: "நான் ரசமட்டம் வச்சுத்தான் பார்த்தேன். தரைதான் அப்புறம் இறங்கிருச்சு." தரை இறங்கியிருந்தால் கட்டடமே இறங்கியிருக்க வேண்டும் என்ற மறுப்பு பதிவு செய்யப்பட்டது. நான்காவது வகை ஒன்றும் உண்டு என்றார் டைல்ஸ் மேஸ்திரி. அடியில் சிமென்ட் கலவை மெத்தை போடாத தொட்டி, ஆள் ஏறினால் நடுவில் தொய்ந்து பள்ளமாகும் என்பது அவர் கட்சி. அது மெய்தான். ஆனால் நம் குட்டை ஆள் ஏறாமலே நிற்பதால் இங்கே பொருந்தாது.

நிவாரணம் சுருக்கமானது, செலவுதான் நீளம். தொட்டியின் கால்களில் திருகாணி இருக்கும். பள்ளப்பக்கத்துக் கால்களைக் கொஞ்சம் உயர்த்தினால் விளிம்பு மட்டத்துக்கு வந்துவிடும். அந்தத் திருகாணியைத் தொடத்தான் வழியில்லை. தொட்டியைச் சுற்றிச் செங்கல் வைத்துக் கட்டி, டைல்ஸ் ஒட்டி, அழகு பார்த்து மூடியிருந்தார்கள். கை நுழைய ஒரு சிறு கதவு விட்டிருக்கலாம். விட்டால் அழகு கெடுமாம். எனவே இரண்டு டைல்ஸ் உடைக்கப்பட்டன. திருகாணி திருகப்பட்டது. குமிழி நடுவுக்கு வந்தது. தண்ணீர் போயிற்று. உடைந்த இடத்தில் இப்போது கதவு இருக்கிறது. பார்க்க ஒன்றும் மோசமில்லை.

பரப்புநீர் மட்டும் இன்னும் ஆங்காங்கே முத்து முத்தாக நிற்கிறது. மாமியார் அதையும் குட்டைக் கணக்கில் சேர்க்கிறார்.

இத்துறை இலக்கியத்தில் போலிமை புதிதல்ல என்பதையும் வாசகர் அறிய வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் எச்.எல்.மென்கென் 1917 டிசம்பர் 28 அன்று நியூயார்க் ஈவினிங் மெயில் இதழில் குளியல் தொட்டியின் வரலாறு என்று ஒன்றை எழுதினார். அத்தனையும் புளுகு என்று 1926இல் அவரே ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகும் அதை மேற்கோள் காட்டுவதை உலகம் நிறுத்தவில்லை. இந்தக் கட்டுரையிலிருந்து யாராவது மேற்கோள் காட்ட விரும்பினால் திருகாணி பற்றிய பகுதியை எடுத்துக்கொள்ளலாம். அது புளுகு இல்லை.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொட்டியைச் சுற்றிச் செங்கல் வைக்குமுன் ரசமட்டத்தை விளிம்பின் நீளத்திலும் அகலத்திலும் வைத்துப் பாருங்கள். பிறகு நாலு வாளித் தண்ணீர் ஊற்றித் திறந்துவிட்டு, கடைசிவரை நின்று கவனியுங்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார். டீ வாங்கிக் கொடுங்கள். ஆனால் தண்ணீர் போய்முடியும்வரை அவரைச் செங்கல் எடுக்க விடாதீர்கள்.