தலை கொடுத்த வள்ளல்

தன் தலையைக் கொண்டுபோய்ப் பரிசு வாங்கிக்கொள்ளும்படி வாளை எடுத்துப் புலவர் கையில் கொடுத்தான் குமணன். வாங்கிக்கொண்ட புலவரின் பெயரும் பெருந்தலைச் சாத்தனார். ஒரே ஒரு தடவை தலையைக் கொடுக்க முன்வந்தவனுக்கே வள்ளல் என்று பெயரென்றால், வாரத்தில் நாலு நாள் தலையைத் தலைவலிக்குத் தாரைவார்க்கும் எங்கள் சின்ன மாமாவை என்னவென்று சொல்வது?

வலி தானாக வருகிறது என்று சொன்னால் அது மாமாவின் உழைப்பை அவமதிப்பதாகும். ஊரெல்லாம் விளக்கணைத்துப் படுத்த பிறகுதான் அவருடைய பணி தொடங்கும். இரண்டு தலையணையை அடுக்கி, முகவாய் நெஞ்சில் இடிக்கும்படி கழுத்தை மடித்து, இருட்டில் செல்போனை இரண்டு மணிவரை தேய்ப்பார். மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. அதை நேராக நிமிர்த்திச் சுமப்பது எல்லாரும் செய்வதுதான். குனியக் குனியப் பிடரித் தசைக்குப் பாரம் பல மடங்கு ஏறும். அந்தப் பாரத்தையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும் மனம் யாருக்கு வரும்? தூக்கம் குறைந்தாலும் ஒற்றைத் தலைவலி கிளம்பும், மிஞ்சினாலும் கிளம்பும் என்பார்கள். மாமா பாரபட்சம் பார்ப்பவரல்ல. வார நாளில் நாலரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி நேரம்.

காலையில் அத்தை நாலு இட்லியை வைத்துக்கொண்டு வாசல்வரை வருவார்கள். “ஆறிப்போகுதுங்க, ஒண்ணாவது பிட்டுப் போட்டுட்டுப் போங்க.” மாமா திரும்பிப் பார்க்காமல் செருப்பை மாட்டுவார். வெறும் வயிறு தலைவலிக்குப் பிடித்த இடம் என்பது தெரிந்தும் பசியை வென்ற துறவி அவர். ஆபீசுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போவார். போன தண்ணீர் ஒரு சொட்டும் குறையாமல் சாயங்காலம் வீடு திரும்பும். பிறர் பொருளையே இப்படிப் பத்திரமாகத் திருப்பித் தருபவர்கள் குறைவு. இவர் சொந்தத் தண்ணீரையே தருகிறார்.

காபியில் மட்டும் கொஞ்சம் தாராளம். வார நாளில் ஆபீசில் ஐந்து டம்ளர். ஞாயிறன்று எழுந்திருப்பதற்குள் வெயில் ஏறிவிடுவதால் ஒன்றோடு சரி. தினமும் வந்த காஃபின் திடீரென்று நின்றால் ஒரு நாளைக்குள் தலை தன் கணக்கைக் கேட்கும். மாமாவின் தலையும் கேட்கும், சாயங்காலம் நாலு மணிக்கு, மணி தவறாமல்.

உடனே மாத்திரை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதம் தாண்டியும் விழுங்கினால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். காஃபினும் சேர்ந்த கூட்டு மாத்திரைக்கு 10 நாளே போதும். டாக்டர் இதை விரல்விட்டு எண்ணிச் சொன்னார். மாமாவின் கணக்கு 19. கூட்டு மாத்திரையில்தான். என்றைக்கு வந்தது, முதல்நாள் என்ன சாப்பிட்டது, எத்தனை மணி தூங்கியது என்று ஒரு நோட்டில் குறிக்கவும் டாக்டர் சொன்னார். மாமா தோல் அட்டை போட்ட டைரியே வாங்கினார். முதல் பக்கத்தில் தன் பெயரை அழகாக எழுதியிருக்கிறார்.

தைலத்தை மறந்தால் பாவம். 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தொடங்கிய நாகேஸ்வர ராவின் பெயரில் மயிலாப்பூரில் ஒரு பூங்கா இருக்கிறது. “காலையில் அங்கே நாலு சுற்று நடந்தால் உடம்பு இளகும், வலியும் குறையும் மாமா” என்றேன். “அவர் தைலத்தை வாங்குறேனே, அந்த மரியாதை போதாதாடா?” என்றார். நன்றியுணர்ச்சிக்கு இதற்குமேல் சான்று வேண்டுமா?

இன்னொரு சாத்தனார் உண்டு, சீத்தலைச் சாத்தனார். பிறர் நூலில் பிழை கண்டால் எழுத்தாணியால் தன் தலையையே குத்திக்கொள்வாராம். (தலைக்கும் சாத்தனார்களுக்கும் ஏதோ ராசி.) அவருடைய தலைக்குத்து வள்ளுவரின் முப்பாலால் தீர்ந்தது என்று திருவள்ளுவமாலையில் மருத்துவன் தாமோதரனார் பாடியிருக்கிறார். மாமாவின் தலைவலிக்கு அவ்வளவு பெரிய நூலெல்லாம் வேண்டாம். நேரத்துக்கு நாலு இட்லி, அந்த பாட்டில் தண்ணீர், பதினொரு மணிக்குத் தூக்கம். மூன்றுக்கும் புதுச் செலவில்லை. அங்கேதான் சிக்கல். விலை கொடுக்காமல் கிடைப்பதைத் தொடுவது மாமாவின் அந்தஸ்துக்கு இழுக்கு. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, தலைக்குள் ஒன்றுமில்லை என்று வாங்கிய சான்றைக் கூடத்தில் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

இதை எழுதி முடித்ததும் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அப்போது இரவு மணி 1.10. உடனே நீல டிக் விழுந்தது.