அப்பாவின் படையும் என் படையும்

1945இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் கலைந்தபோது அப்பா மலாக்காவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கே திரும்பி வந்தார். சிங்கப்பூரில் பயிற்சி பெற்று பர்மா வரை போனவர். கையில் காசும் இல்லை, சான்றிதழும் இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் மறுபடி வந்துவிட்டார்கள் என்ற பயத்தில் சீருடையைப் பாட்டி அடுப்பில் போட்டு எரித்துவிட்டார். சிங்கப்பூர்க் கடற்கரையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தையே பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்த நேரம் அது.

ஓய்வு என்று எதுவும் எடுக்காமல் பெரட்டில் போய் நின்றிருக்கிறார். அதே கிராணி, அதே நெரை, அதே பால் வாளி. ஆனால் அவர் யார் என்பது லயத்துக்கே தெரியும். ஜாசின் சந்தையில் பழைய கூட்டாளி எதிர்ப்பட்டால் இருவரும் நிமிர்ந்து நின்று 'ஜெய்ஹிந்த்' சொல்வார்கள். ராத்திரியில் கனவு கண்டு அலறினால் பக்கத்து வீட்டு மாமா பலகைச் சுவரைத் தட்டி, "அண்ணே, நம்ம தோட்டந்தாண்ணே, தூங்குங்க" என்பார். அப்பாவும் தூங்கிவிடுவார்.

1972இல் நான் மலேசிய ராணுவத்தில், ரேஞ்சர் படையில் சேர்ந்தேன். "சம்பளம் ஒழுங்கா குடுக்குற படைதானே?" என்பதைத் தவிர அப்பா எதுவும் கேட்கவில்லை. எங்கள் காலம் பேராக், கெடா எல்லைக் காடுகளில் கழிந்தது. கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறக்கப்படும்வரை அதைப் போட்டவர்களுக்கு ராணுவம்தான் காவல். கம்யூனிஸ்டுகள் புதைத்த கண்ணிவெடிகளில் காலை இழந்த சிப்பாய்கள் உண்டு. 1989 டிசம்பர் 2இல் ஹாட்யாயில் அவர்களோடு அமைதி உடன்பாடு ஆனது. என் கடைசிப் பணிக்காலம் மலாக்காவிலேயே, தெரெண்டாக் முகாமில். 1993இல் வெளியே வந்தேன். அப்போது வயது 41.

அப்பாவுக்குக் கிடைக்காததெல்லாம் எனக்குக் கிடைத்தது. மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது, அரசாங்க மருத்துவமனையில் வைத்தியம் நடக்கிறது. படையை விட்டு வருகிறவர்களுக்குத் தொழில் கற்றுத்தர சுங்கை பூலோவில் பெர்ஹெபாட் இருக்கிறது. இதையெல்லாம் நன்றியோடுதான் சொல்கிறேன்.

திரும்பிப் போகத்தான் தோட்டம் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்களை இடித்தார்கள், எங்கள் சனம் பெம்பான், டுரியான் துங்கால், ஆயர் குரோ என்று தாமான் தாமானாகச் சிதறியது. ஒரு பேரங்காடியில் ஜாகா வேலை பார்த்தேன். பளிங்குத் தரையிலும் வெடிக்கம்பி தேடியே என் கண் நடக்கும். "அங்கிள், என்ன தொலைச்சீங்க?" என்று கடைப் பையன்கள் கேட்பார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, யாரும் சொன்னால்தானே தெரியும்? தாமான் வீட்டுச் செங்கல் சுவர் எந்தச் சத்தத்தையும் அடுத்த வீட்டுக்கு விடுவதில்லை. நான் அலறினால் விழிப்பவள் மனைவி ஒருத்திதான். அவளுக்கும் காடு தெரியாது.

அதற்காக அப்பா காலத்தைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். அறுபது கடந்தும் அவர் பால் வாளி சுமந்தார்; ஒரு நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தியவருக்கு நேர்ந்த அநியாயம் அது. ஓய்வூதியம் சிப்பாயின் உரிமை. அதோடு, வீடு திரும்புகிறவனுக்குத் தன்னை அறிந்த நாலு பேரும் வேண்டும். அந்த நாலு பேரை எந்த இலாகாவும் தரமுடியாது, நம் சமூகம்தான் தரவேண்டும்.

தோட்டங்களிலிருந்து நேதாஜி படைக்குப் போன எத்தனையோ பேரின் பெயர் எங்கும் எழுதப்படாமலே மண்ணோடு போய்விட்டது. என் தலைமுறைக்கும் அது நேரக்கூடாது. என் காலத்துக்கு முந்தைய கம்யூனிஸ்டு எதிர்ப்பு அவசரகாலம் முடிவுக்கு வந்த ஜூலை 31ஐ நாடு வீரர் நாளாகக் கொண்டாடுகிறது. மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தலைமையாசிரியர்களே, அந்த நாளை ஒட்டி உங்கள் வட்டாரத்துப் பழைய சிப்பாய் ஒருவரைப் பள்ளிக்கு அழையுங்கள். அவரைப் பேசவிடுங்கள், அவர் பெயரையும் படைப்பிரிவையும் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும்.