அணு நிலையானதா? எந்தப் பதிப்பு?

2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகனைப் பார்க்க அவன் படித்த உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போயிருந்தேன். கொங்குப் பக்கம், பைபாஸ் ஓரம். சுற்றிலும் மதில், மத்தியச் சிறைக்குக்கூட அவ்வளவு உயரம் எழுப்பமாட்டார்கள். பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்க்கலாம். பிள்ளை ரிவிஷன் நோட்டோடு வரும். நாம் முகத்தைப் பார்ப்போம், அது நோட்டைப் பார்க்கும்.

தகரக் கொட்டகைக்குக் கீழே நீள பெஞ்சு. பையன் ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு டீயை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டே நியூட்டனின் குளிர்வு விதியை ஒப்பித்தான். சூடான பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு, நேர்த்தகவு, சமன்பாடு, குறை குறி உட்பட ஒரு பிசிறில்லை.

"எதுக்குடா மாப்ள இப்படி ஆத்தறே?"

"சூடா இருக்குங்க மாமா."

"சரி. நீ இப்பச் சொன்ன விதிக்கும் இந்த டீக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருக்கா?"

டம்ளரைப் பார்த்தான். நோட்டைப் பார்த்தான். "டீ சிலபஸ்ல இல்லீங்க மாமா."

கிண்டல் இல்லை. அவன் கிண்டல் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

வெப்ப இயக்கவியல் பிளஸ் ஒன் புத்தகத்தில் இருக்கிறது. பிளஸ் ஒன் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் பல தனியார் பள்ளிகள் விழிக்கும். பதினொன்றாம் வகுப்பில் காலடி வைத்த அன்றைக்கே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, ஒரே புத்தகத்தை இரண்டு வருஷம் உருப்போட வைக்கும் கலையை உலகத்துக்குத் தந்தது தமிழ்நாடு. நாட்டுக்கே தெரிந்த இந்த ரகசியத்தை ஒழிக்கத்தான் 2017 மே மாதம் அரசு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று ஆணை போட்டது. இரண்டு ஆண்டு மதிப்பெண்ணையும் கூட்டி 1200-க்குச் சான்றிதழ் என்றார்கள். முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், உயர்கல்விக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்றார்கள். ஆக, அந்த அரசாணையின் அரை ஆயுட்காலம் பதினாறு மாதம். மிச்சம் இருந்தது மெல்லச் சிதைந்து, 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கையோடு தேர்வே போய்விட்டது. கதிரியக்கச் சிதைவுக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. போட்டபோது ஆண்டவர்கள் வேறு, எடுத்தபோது ஆண்டவர்கள் வேறு; பள்ளி முதலாளிகள் மட்டும் அதே ஆட்கள். மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கிறோம் என்றார்கள். யாருடைய அழுத்தம் குறைந்தது என்பதை அந்தப் பள்ளிகளின் அடுத்த ஆண்டு நேரப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பள்ளி வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர். தாளாளர் கைகூப்பிச் சிரிக்கிறார். தொடர்ந்து இத்தனை ஆண்டுகளாக 100 சதவீதத் தேர்ச்சி! இயற்பியல் படித்தவனுக்கு இந்த இடத்தில் மயிர்க்கூச்செறிய வேண்டும். சாடி கார்னோ என்ற பிரெஞ்சுக்காரர் 1824-இலேயே தொடங்கிவைத்த கணக்கின் முடிவு இது: வாங்கிய வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்றும் இயந்திரம் கிடையாது. சூடான மூலத்திலிருந்து எடுத்ததில் ஒரு பங்கைக் குளிர்ந்த இடத்தில் கொட்டித்தான் ஆக வேண்டும். நூற்றுக்கு நூறு வேண்டுமென்றால் அந்தக் குளிர்ந்த இடம் மைனஸ் 273.15 டிகிரியில் இருக்க வேண்டும். அந்த வெப்பநிலையை யாராலும் எட்ட முடியாது. எட்டாததை எங்கள் தாளாளர் எப்படி எட்டினார்?

கொட்டித்தான். ஒன்பதாம் வகுப்பு முடியும்போதும் பிளஸ் ஒன் முடியும்போதும் சில அப்பாக்களுக்கு மட்டும் போன் வரும். "பையனுக்கு நம்ம ஸ்கூல் செட் ஆகலீங்க. நீங்களா கேட்ட மாதிரி டி.சி. வாங்கிக்கிட்டீங்கன்னா கவுரவமா இருக்கும்." கட்டிய பணம் திரும்பாது. அந்தப் பிள்ளைகள் அழுது வீங்கிய முகத்தோடு பக்கத்து அரசுப் பள்ளியில் போய் நிற்கும். அங்கே தலைமையாசிரியர் எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொள்வார். தனியார் பள்ளி இயந்திரம் வெளியே தள்ளிய கழிவு வெப்பத்தை முழுக்க வாங்கிக்கொள்வது அந்தப் பள்ளிதான். மே மாதம் தேர்வு முடிவு வந்ததும், அரசுப் பள்ளிகள் பின்தங்கின என்று நாம் பேப்பர் படித்துவிட்டு உச்சுக்கொட்டுவோம். பேனர்காரருக்கு மாலை. கழிவை வாங்கிய தலைமையாசிரியருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். அணுக்கரு இயற்பியலை அவன் நன்றாகவே படித்திருந்தான். மாநிலப் பாடப்புத்தகத்தில் கதிரியக்கச் சிதைவு விதி, அரை ஆயுட்காலம் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. கீழடியில் கிடைத்த கரியின் வயதைக் கார்பன்-14 வைத்துக் கணக்கிடும் எடுத்துக்காட்டுகூட உண்டு. அதைப் போட்டுக் காட்டினான். எனக்கே பெருமையாக இருந்தது. இத்தனைக்கும் என்.சி.இ.ஆர்.டி. 2022-இல், கொரோனாச் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, தன் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து இந்தச் சிதைவு விதியையே தூக்கிவிட்டது. தொற்று போய்விட்டது, விதி திரும்பவில்லை.

மே 5, நீட். அக்னி நட்சத்திரம் தொடங்கிய மறுநாள், மதியம் 2 மணி. வெப்ப இயக்கவியலைச் செய்முறையாகக் கற்பிக்க இதைவிட உகந்த வேளை கிடையாது. 23 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். இயற்பியலில் ஒரு கேள்வி. கூற்று ஒன்று: அணுவில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சம அளவில் இருப்பதால் அது மின் நடுநிலையானது. கூற்று இரண்டு: ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை உமிழ்பவை. எது சரி?

இரண்டாவது கூற்று தப்பு என்று யுரேனியம் 1896-இலேயே சொல்லிவிட்டது, கேட்டவர் பெக்கரெல். 1898-இல் ரேடியம் சொன்னது. கேட்டவர் மேரி கியூரி. பாவம், அந்த அம்மாளுக்குப் பழைய பதிப்பு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால், நிலையான ரேடியத்தை நிம்மதியாகக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் பல காலம் வாழ்ந்திருப்பார். அவருடைய நோட்டுப் புத்தகங்களை இன்றைக்கும் பாரிஸில் ஈயப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் செலவும் மிச்சமாகியிருக்கும். அவ்வளவு ஏன், கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலை இரண்டு ஓடுகிறது. கதிர்வீச்சு என்ன ஆகும் என்று கேட்ட குற்றத்துக்கு இடிந்தகரைச் சனங்கள் மீது தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். 'எல்லா அணுவும் நிலையானது, வீட்டுக்குப் போங்கள்' என்று புத்தகத்தைக் காட்டியிருந்தால் வழக்குக் காகிதமாவது மிஞ்சியிருக்கும்.

பழைய பதிப்பு என்றேனே, அதுதான் கதை. என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய பதிப்பில் 'ஒவ்வொரு தனிமத்தின்' என்று இருந்தது. புதிய பதிப்பில் 'பெரும்பாலான தனிமங்களின்' என்று திருத்திவிட்டார்கள். தேசியத் தேர்வு முகமை முதலில் நான்காவது விடைதான் சரி என்றது: ஒன்று சரி, இரண்டு தவறு. பழைய புத்தகக்காரர்கள் முறையிட்டதும், இரண்டும் சரி என்ற இரண்டாவது விடைக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டது. அதாவது ரேடியம் சிதையும், சிதையாமலும் இருக்கும். உங்கள் வீட்டில் எந்த வருஷத்துப் புத்தகம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு அது முடிவு செய்யும். முழு மதிப்பெண் வாங்கிய 61 பேரில் 44 பேருக்கு அந்த 720 கிடைத்ததே இந்தக் கருணையால்தான்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் டெல்லி ஐ.ஐ.டி.யில் மூன்று பேர் குழு அமைக்கச் சொல்லி மறுநாளே பதில் கேட்டார். குழு நான்காவது விடைதான் என்றது. 2024 ஜூலை 23 அன்று இந்தியக் குடியரசில் ரேடியம் சட்டப்படி கதிரியக்கம் பெற்றது. நீதிமன்றத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கூத்தில் இயற்பியல் தெரிந்தவர்களைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது அங்கே ஒருவருக்குத்தான். கேள்வி தயாரித்த இடத்தில் தோன்றவில்லை. விடைக்குறிப்பை வெளியிட்ட இடத்திலும் தோன்றவில்லை. இரண்டாவது விடையைக் குறித்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்த நான்கைப் பிடுங்கி, தண்டமாக ஒன்றும் கழித்தார்கள். ஆளுக்கு ஐந்து மதிப்பெண். 61 பேர் 17 ஆனார்கள். தப்பான வரியை அச்சடித்தவருக்கு எத்தனை கழித்தார்கள்? அந்தக் கணக்குக்கு விடைக்குறிப்பே வெளிவரவில்லை.

அந்த நான்கு லட்சத்தில் அக்கா மகனும் ஒருவன். எனக்கு ஆறவில்லை. நேரிலேயே கேட்டேன்: "கீழடிக் கரிக்கு வயசு கண்டுபிடிச்சியேடா. கார்பன்-14 சிதையுதுன்னு நீதானே எனக்குப் போட்டுக் காட்டினே? அப்புறம் எப்படி எல்லா அணுவும் நிலையானதுன்னு டிக் அடிச்சே?"

"அது போர்டு எக்ஸாம்ங்க மாமா. இது நீட். ரெண்டும் வேற வேறங்க."

கோச்சிங்கில் முதல் நாளே சொல்லிவிட்டார்களாம். என்.சி.இ.ஆர்.டி. வரி வேத வாக்கு, சொந்த அறிவை உள்ளே விட்டால் நெகட்டிவ் மார்க். சொந்தமாக யோசிக்காதே என்று சொல்லித் தருவதற்கு லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். நாம் பூமியை விற்றுக் கொடுக்கிறோம். அவன் யோசிக்கவில்லை. கொடுத்த காசுக்குப் பழுதில்லை. புத்தகம் மட்டும் பெரியம்மா மகள் வைத்திருந்த பழையது. புதுசு வாங்கும் செலவு மிச்சமாகட்டும் என்று எடுத்துக் கொடுத்தது நான்.

ஆகஸ்டில் ரிப்பீட்டர் வகுப்பில் சேர்த்தோம். சேர்ந்த வாரமே கோச்சிங்கிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி: அணு பாடத்தில் 'ஒவ்வொரு' என்று இருந்தால் அடித்துவிட்டு 'பெரும்பாலான' என்று எழுதிக்கொள்ளவும். மிக முக்கியம். மறுபடி கேட்க வாய்ப்புண்டு.

பையன் சிவப்புப் பேனாவை எடுத்து, ஸ்கேல் வைத்து, ஒரே கோடாக அடித்தான். மேலே பொடி எழுத்தில் புதுச் சொல்லை எழுதினான். ஓரத்தில் மூன்று நட்சத்திரம் போட்டான். ஏன் மாற்றினார்கள், நிலையில்லாத தனிமங்கள் எவை என்று ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். செய்தியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான்.

"அதெல்லாம் அனுப்பலீங்க மாமா," என்று சொல்லிவிட்டு, ஆறிக் கிடந்த டீயை ஒரே மடக்கில் குடித்தான்.