மீன்முள்ளும் போராட்ட அழியாமை விதியும்: ஒரு முன்னாய்வு

கடல்மீன்களில் சிறந்தது எது என்று கேட்டால் சென்னைக்காரர் வஞ்சிரம் என்பார். தூத்துக்குடிக்காரர் அதெல்லாம் கிடக்கட்டும், சீலாதான் என்பார். குமரி மாவட்டத்தார் நெய்மீனுக்காகக் கச்சை கட்டுவார். யாழ்ப்பாணத்தார் மூவரையும் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, அறுக்குளாவுக்கு ஈடு உண்டா என்பார். நால்வரும் தொண்டை வறளச் சண்டை போட்டு ஓய்ந்த பிறகுதான், நால்வரும் சொன்னது ஒரே மீன் என்பது தெரியவரும். பிரெஞ்சுக்காரரான லாசெபேத் 1800-இல் வர்ணித்த அந்த மீனுக்கு இன்று வழங்கும் அறிவியல் பெயர் ஸ்கோம்பெரோமோரஸ் கொமர்சன். மொரீஷியஸில் 1773-இல் இறந்துபோன இயற்கையியலாளர் கொமர்சனின் நினைவைத் தாங்கிய பெயர் அது. இப்படிச் சண்டைக்குள்ளேயே ஒருமித்த கருத்து ஒளிந்திருப்பது மீனியலில் அபூர்வம். ஒருமித்த கருத்து எதுவானாலும் அதைச் சந்தேகிப்பது ஆய்வாளரின் கடமை, சில நேரங்களில் பிழைப்பும்கூட. ஆகவே வஞ்சிரத்தின் அரியணை உறுதியானதுதானா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னோடிகளைப் பார்த்துவிடுவோம். தரங்கம்பாடியில் இருந்த ஜான் பாதிரியார் இந்தக் கரையின் மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த மீனியலாளர் பிளாக்கிற்கு அனுப்பினார். நன்றிக்கடனாக, கத்தாளைக் குடும்பத்தின் ஒரு பேரினமே அவர் பெயரால் ‘ஜானியஸ்’ என்று வழங்குகிறது. பாட்ரிக் ரஸ்ஸல் 1803-இல் விசாகப்பட்டினத்து மீன்கள் இருநூற்றைப் படத்தோடு வெளியிட்டார். சென்னை ராணுவத்தின் மருத்துவரான பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை ‘இந்திய மீன்கள்’ என்ற பெருநூலைப் பகுதி பகுதியாகக் கொண்டுவந்தார். செதில் எத்தனை, துடுப்பில் கதிர் எத்தனை, கண்ணுக்கும் மூக்குக்கும் இடைவெளி எவ்வளவு என்பதையெல்லாம் எண்ணிய இப்பெருமக்கள், தின்பதைப் பற்றிச் சொன்னது சொற்பம். ஒரு மீன் எங்கே போராடுகிறது என்ற அடிப்படைக் கேள்வியை அவர்கள் தொடவே இல்லை. ஆய்வு இடைவெளி என்று பல்கலைக்கழகங்கள் சொல்லும் பொருள் தானாக வாய்திறந்து நிற்கிறது. அதில் ஒரு கவளம் சோற்றை இடுவதே நமது முயற்சி.

நமது கருதுகோளைச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு மீனுக்கும் போராடும் குணம் குறிப்பிட்ட அளவில் அமைந்திருக்கிறது. அந்த அளவு அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. கடலில் செலவழிக்காத போராட்டத்தை மீன் தட்டில் செலவழிக்கிறது. கடலில் தீர்த்துவிட்ட மீன் தட்டில் சரணடைகிறது. இதைப் போராட்ட அழியாமை விதி என்று அழைப்போம். வஞ்சிரத்தைப் பாருங்கள். இரண்டு மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய வேட்டைமீன். படகு ஓட ஓடப் பின்னால் இழுபடும் தூண்டிலை அது பாய்ந்து கவ்வும். வாயில் கத்திபோல் பல்வரிசை இருப்பதால் வெறும் தங்கூசி நரம்பு தாங்காது. கொக்கியை ஒட்டிக் கம்பி கட்டாதவர் கொக்கியும் இல்லாமல் மீனும் இல்லாமல் கரை திரும்புவார். தூண்டில்காரரின் உள்ளங்கையில் கோடு போட்டுவிட்டுத்தான் அது படகேறும். அதே மீன் துண்டாகித் தட்டுக்கு வந்ததும் என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை. நடுவில் ஒரு தண்டெலும்பு. சுற்றிலும் வெண்சதை, சொன்னபடி கேட்கும். கரண்டியால்கூடத் தின்றுவிடலாம், சிலர் தின்னவும் செய்கிறார்கள்.

மத்தி நேர்மாறு. குமரிக் கரையில் சாளை என்று வழங்கும் இந்த எண்ணெய் மீன் ஆயிரக்கணக்கில் கூட்டமாகத் திரிந்து, வலை சுற்றிவரும்போது கூட்டமாகவே உள்ளே நிற்கும். தனியொரு மத்தி வலைக்காரரோடு மல்லுக்கட்டிய வரலாறு இல்லை. மத்தியை முன்னிட்டு நடக்கும் போராட்டமெல்லாம் மனிதர்களுக்குள்தான். இப்படிப்பட்ட கூட்டத்தை வளைக்கும், தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட சுருக்குமடி வலை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜனவரியில் வந்த இடைக்கால உத்தரவு, கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும் அதை அனுமதித்தது. அப்படி எதிர்ப்பே காட்டாமல் வந்த மீன்தான் தட்டில் தன் முழு வீரத்தையும் காட்டுகிறது. பொரித்த சாளையின் முதுகோரம் கட்டைவிரலால் அழுத்திக் கீறினால் சதை இரண்டு பாளமாகப் பிளக்கும். மேல்பாளத்தை ஒதுக்கிவிட்டு வாலைப் பிடித்து மெல்லத் தூக்கினால் நடுமுள் ஈர்க்குச் சீப்புபோலத் தலையோடு கழன்று வரும். வென்றுவிட்டோம் என்று தோன்றும் நேரம் அது. ஆனால் மயிரிழை முட்கள் இன்னும் சதைக்குள் பதுங்கியிருக்கின்றன. இவற்றை விரல் கண்டுபிடிக்காது, நாக்குதான் கண்டுபிடிக்கும். சோற்றையும் சதையையும் உள்ளே அனுப்பி, முள்ளை மட்டும் உதட்டோரத்துக்குத் தள்ளும் அந்த வேலை, பேச்சை நிறுத்தினால்தான் ஆகும். மத்தி தின்னும் வீட்டில் அரசியல் பேசுவதில்லை.

இது வெறும் கற்பனை அன்று, உடற்கூறும் நம் பக்கம் நிற்கிறது. அந்த மயிரிழை முட்கள் விலாவெலும்பு அல்ல. தசைப் பாளங்களுக்கு நடுவே உள்ள தடுப்புச் சவ்வில் தனியாக உருவாகும் தசையிடை முட்கள் அவை. மத்தி, உல்லம், கெண்டை போன்ற பழைய வழிவந்த மீன்களில் இவை ஏராளம். வஞ்சிரம், கொடுவா, பாறை போன்ற பிற்காலத்து வழியினரில் பெரும்பாலும் குறைந்துவிட்டன. மொழியும் சாட்சி சொல்கிறது. ஆட்டுக்கு எலும்பு, கோழிக்கு எலும்பு, மனிதனுக்கும் எலும்பு. மீனுக்கு மட்டும் தமிழ் ‘முள்’ என்றது. கருவேலத்துக்கும் ரோஜாவுக்கும் கொடுத்த சொல்லை மீனுக்குக் கொடுத்தவர்கள் அதை உடம்பின் சட்டகமாகப் பார்க்கவில்லை, ஆயுதமாகப் பார்த்தார்கள். அவர்கள் பெரும்பாலும் மத்தி தின்றவர்களாக இருக்க வேண்டும். வஞ்சிரம் மட்டுமே தின்ற சமூகம் எலும்பு என்றே சொல்லியிருக்கும்.

விதி சரியென்றால் முடிவு எளிது. பிடிப்பதற்குச் சிறந்த மீன் வஞ்சிரம், ஏனென்றால் அதன் போராட்டம் கடலில் இருக்கிறது. ஆனால் தரையில் உட்கார்ந்து தின்பவருக்கு அந்தப் போராட்டத்தில் பங்கே இல்லை. யாரோ விடியற்காலை கடலில் வென்ற சண்டையின் வெற்றிச் சின்னத்தை அவர் கிலோ கணக்கில் விலைக்கு வாங்குகிறார். மத்தி தின்பவரோ தன் மீனைத் தானே பிடிக்கிறார். வலை வீசும் இடம் மட்டும் தட்டு. ஆகவே தின்பதற்குச் சிறந்த கடல்மீன் மத்தி. வஞ்சிரத்தின் சொந்தக் கருத்தும் இதுவே என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டும். அதன் வயிற்றைப் பிளந்து பார்த்தவர்கள் கண்டது பெரும்பாலும் நெத்திலியும் சாளை இனங்களும்தான். கடல் முழுவதும் திறந்து கிடக்கும்போது அது தேர்ந்தெடுப்பது மத்தியை. வஞ்சிரத்தை விரும்புவோர் உண்மையில் மத்தியைத்தான் விரும்புகிறார்கள், இரண்டாம் கையாக.

மறுப்புகள் வரும். முதலாவது, சந்தையிலிருந்து: மத்தி அவ்வளவு உயர்ந்ததென்றால் ஏன் மலிவு? மலிவு அதன் எண்ணிக்கைக்கு, சுவைக்கு அல்ல. கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் வந்த மத்தி, 2021-இல் 3,300 டன் அளவுக்குச் சரிந்தது. 2024 ஜூனில், டிராலிங் தடைக்காலத்தில், கிலோ 400 ரூபாயைத் தொட்டது. அந்த விலைக்கும் வாங்கினார்கள். 400 ரூபாய் கையில் வைத்திருப்பவர் வேறு மீன் வாங்கியிருக்கலாம். முள்ளுக்காகவே கொடுத்தார் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் ஆய்வாளருக்குப் புலப்படவில்லை. இரண்டாவது மறுப்பு சற்று கனமானது. மீனவர் வீட்டுச் சட்டியில் சின்ன மீன் வேகிறதே, அது ரசனையா, பெரிய மீனை ஏலத்துக்குக் கொடுத்தே ஆகவேண்டிய கட்டாயமா? கட்டாயம்தான் என்று ஒப்புக்கொள்ளுவதே நேர்மை. டீசல் கணக்கும் வட்டிக் கணக்கும் இருக்கிற இடத்தில் ரசனையை மட்டும் பேசுவது அயோக்கியத்தனம். ஆனால் கட்டாயத்தில் தொடங்கிய பழக்கமும் தேர்ச்சியாக முதிரும். பத்து வயதுக்குள் சாளை முள்ளை நாக்கால் பிரிக்கக் கற்றவருக்கு வஞ்சிரத் துண்டு கொஞ்சம் சலிப்பாகவே இருக்கும்.

மூன்றாவது மறுப்பு மருத்துவ வகை: முள் தொண்டையில் சிக்கும். உண்மை. வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கு, வாழைப்பழத்தை மெல்லாமல் இறக்கு என்று வீட்டுக்கு வீடு வைத்தியம் இருப்பதும், தொண்டை மருத்துவர்கள் அவற்றை ஏற்காததும் உண்மை. போராட்டம் என்றால் இருதரப்புக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும். தோற்கவே முடியாத சண்டைக்குப் பெயர் வஞ்சிரம். மத்தியில் ஒமேகா 3 இருக்கிறதே என்று நமக்கு ஆதரவாக வருபவர்களையும் இதே இடத்தில் திருப்பி அனுப்புகிறோம். சுவை வழக்கில் மருத்துவச் சான்றிதழ் செல்லாது. நான்காவது, வறுவல் கட்சி. தட்டையாக வெட்டிய வட்டத் துண்டு தோசைக்கல்லில் முழுதாகப் படிந்து, இரண்டு பக்கமும் ஒரே சீராக மொறுமொறுக்கும் என்ற வடிவியல் வாதத்தை மறுக்க வழியில்லை. அந்தத் தொகுதியை வஞ்சிரத்துக்கே விட்டுக்கொடுக்கிறோம். குழம்பில் மட்டும் கூட்டணி கிடையாது. புளியிலும் மாங்காயிலும் கொதிக்கும்போது மத்தியின் நெய்யும் முள்ளும் தலையும் சேர்ந்து இறங்குவதை, நடுத்துண்டு ஒன்றால் ஈடுசெய்ய முடியாது.

விதியைப் பிற மீன்களில் சோதித்தோம். சுறா கடலில் எவ்வளவு ஆடுமோ அவ்வளவுக்குத் தட்டில் அடங்கும். எலும்பே இல்லாமல் வெறும் குருத்தெலும்பு. பிள்ளை பெற்றவளுக்குப் புட்டாக உதிர்த்துப் போடும் அளவுக்குச் சாது. கிழங்கான் வலையைக் கண்டால் மணலுக்குள் புதைந்து ஏமாற்றும். அந்தச் சாமர்த்தியத்தை அங்கேயே செலவழித்துவிடுவதால், குழந்தைக்கும் நோயாளிக்கும் ஊட்டுகிற மீனாகிவிடுகிறது. காரல் கடலில் கையாலாகாதது, தட்டில் கழுகுக்கண் கேட்கும். நண்டு இவ்விதிக்குப் பெரும் வலு சேர்க்கும்; மீன் அல்ல என்பதால் நேர்மை கருதி விலக்கியிருக்கிறோம். விதியை மீறுவது உல்லம். கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைந்து நீரோட்டத்தை எதிர்த்து ஏறும் போராளி அது, தட்டிலும் முள்ளாய்க் குத்துகிறது. மேட்டூர் அணை 1934-இல் எழும்வரை காவிரியிலும் ஏறிக்கொண்டிருந்தது. வங்காளிகள் அதையே மீன்களின் அரசன் என்று கொண்டாடி, வஞ்சிரத்தையும் மிஞ்சிய விலைக்கு வாங்குகிறார்கள். இரண்டு இடத்திலும் போராடும் மீனுக்கு இரண்டு மடங்கு மதிப்பு என்று விதியைச் சற்றே அகலப்படுத்தி உல்லத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டோம். விதிகளை இப்படித்தான் காப்பாற்றுவது வழக்கம்.

சீனத்தில் மரபணுவைத் திருத்தி, தசையிடை முள் இல்லாத கெண்டை இன மீன்களை உருவாக்கியிருக்கிறார்கள். நன்னீர் மீன் நம் எல்லைக்கு வெளியே இருந்தாலும், போராட்டம் எங்கே போயிற்று என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று என்பதே விடை. பல ஆண்டு உழைப்பாக அங்கே கிடக்கிறது. விதி தப்பித்தது. தப்பிக்காத இடம் நெத்திலி. கடலில் அதற்குப் போராட்டமில்லை, கூட்டமாக வலையில் ஏறும். தட்டிலும் போராட்டமில்லை, முள்ளோடு மென்று விழுங்கலாம். கணக்கு உதைக்கிறதே என்று தேடியபோதுதான், கடலுக்கும் தட்டுக்கும் நடுவே மூன்றாவது களம் ஒன்று இருப்பதை இவ்வளவு நேரம் கவனிக்காமல் போனது தெரிந்தது. ஒரு கிலோ நெத்திலியில் நூற்றுக்கணக்கில் தலை. ஒவ்வொரு தலையையும் நகத்தால் கிள்ளி, அதே இழுப்பில் குடலையும் உருவி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு மூன்று நான்கு தண்ணீர் அலசுபவருக்கு, விரல்நுனி சுருங்கி, செதில் ஒட்டிய முழங்கையால் நெற்றி மயிரை ஒதுக்கும் வேலையும் இருக்கிறது. அவர் தின்ன உட்காரும்போது பொரியலில் மிச்சம் இருப்பது தூள்தான். ரஸ்ஸலும் டேயும் விட்ட இடைவெளி இருக்கட்டும். இக்கட்டுரை விட்டது அதைவிடப் பெரிது. எனவே அடுத்தகட்டக் களப்பணிக்கு, பிடிப்பதில் சிறந்தது எது, தின்பதில் சிறந்தது எது என்று இதுவரை வாதாடிய ஆண்மக்கள் அனைவரும் அழைக்கப்படுகிறார்கள். நகத்தைக் கொஞ்சம் வளர்த்துக்கொண்டு, ஞாயிறு காலை ஏழு மணிக்குள் அவரவர் வீட்டு அடுக்களைத் தொட்டியருகே வந்துவிட வேண்டும். மீன் வாங்கியாகிவிட்டது, இரண்டு கிலோ.