நான் தந்தால் காசு, நீங்கள் தந்தால் டொபி

கிழிந்த நோட்டை எந்தக் கடையிலும் வாங்கமாட்டார்கள். ஆனால் 1942இல் இலங்கை அரசாங்கமே கிழிப்பதற்கென்று ஒரு நோட்டு அடித்தது. ஐந்து சத நோட்டு. ஒரு துண்டு இரண்டு சதம், மறு துண்டு மூன்று சதம், நடுவில் தபால் முத்திரைக்கு இருப்பதுபோலத் துளைக்கோடு. சில்லறை வேண்டுமா, கிழியுங்கள்! ஐந்தைச் சரிபாதியாக்க அரசாங்கத்தாலும் முடியவில்லை.

நான் இதைத் தேடி அலைவது என் மனைவிக்குப் பிடிக்காது. "கிழிஞ்சதை விக்கிறவனுக்கு ஒரு கதை வேணும், வாங்கிறதுக்கு நீங்கள் வேணும்" என்பாள்.

கதை பொய்யில்லை. உலோகமெல்லாம் போருக்குப் போன காலம் அது. அந்த ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டன. சதுர ஐந்து சதக் குத்திக்காசும் அந்த வருசந்தான் நிக்கல் பித்தளைக்கு மாறியது. இந்தியாவிலோ 1943இல் காலணாவின் நடுவில் ஓட்டை போட்டே செம்பை மிச்சம் பிடித்தார்கள்.

போரில் சில்லறை காணாமல் போவது புதிதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சனங்கள் சில்லறையைப் பதுக்கியதும் கடைக்காரர்களே காசுக்குப் பதிலாகச் செப்பு வில்லை அடித்தார்கள். நியூயோர்க்கில் மதுக்கடை வைத்திருந்த லிண்டன்முல்லர் அடித்தவை பத்து லட்சத்துக்கும் மேல். பயணிகளிடமிருந்து சேர்ந்த வில்லைகளை டிராம் கம்பனி கொண்டுபோய் மாற்றித் தரக் கேட்டபோது, மனிதர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாராம். 1864இல் சட்டம் வந்துதான் இந்த வியாபாரம் நின்றது.

அந்தச் சட்டம் எங்கள் ஊரான அன்புவழிபுரத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. எங்கள் சந்திக் கடையில் இரண்டு ரூபாய் மிச்சம் தரவேண்டி வந்தால், "சில்லறை இல்லை ஐயா, டொபி எடுங்கோ" என்பார்கள். சேகரிப்பாளன் சும்மா இருப்பானா? ஒவ்வொன்றையும் போத்தலில் போட்டு வைத்தேன். எறும்புக்கும் பேரனுக்கும் போக எஞ்சியதைக் கொண்டுபோய் ஒரு சவர்க்காரம் கேட்டேன்.

"இதென்ன ஐயா?"

"காசு தம்பி. நீர் தந்ததுதான்."

"நான் தந்தா காசு. நீங்கள் தந்தா டொபி."

லிண்டன்முல்லரே இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கமாட்டார். சவர்க்காரத்துக்கு ரொக்கம் கொடுத்தேன். மிச்சத்துக்கு இன்னொரு டொபி தந்தார்.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில், அப்பப்பாவின் காணி உறுதிக்குள், அந்த 1942 ஐந்து சத நோட்டு கிழியாமல் இருந்தால் தயவுசெய்து துளைக்கோட்டில் கை வைக்காதீர்கள். ஒட்டுநாடா ஒட்டவேண்டாம், லமினேட்டும் செய்யவேண்டாம். எனக்குச் சொல்லியனுப்புங்கள், நல்ல விலைக்கு எடுப்பேன். சில்லறை மட்டும் கேட்காதீர்கள்.