நூறு டாலருக்கு ஒரு டாலர்

நியூ ஜெர்சியில் குடியிருப்பவனுக்குச் சொத்து வரி அதிகம், டோல் அதிகம். பதிலுக்கு, லாஸ் வேகஸ்காரனுக்குக் கிடைக்காத ஓர் உரிமை உண்டு. அட்லாண்டிக் சிட்டி கேசினோவில் உட்கார்ந்து பிளாக்ஜாக் ஆடும்போது, இறங்கிய சீட்டுகளை மனசுக்குள் எண்ணலாம். அதற்காக யாரும் நம்மை எழுப்பி அனுப்ப முடியாது. கென் யூஸ்டன் என்ற ஆட்டக்காரர் வழக்காடி, 1982-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வாங்கிக் கொடுத்த தீர்ப்பு அது. லாஸ் வேகஸில் தோளைத் தட்டி வாசலைக் காட்டிவிடுவார்கள்.

சட்டமே துணைக்கு நிற்கும்போது சும்மா இருப்பானேன் என்று, எண்ணும் முறைகளைப் பரிசீலிக்க உட்கார்ந்தேன்.

விஷயம் எளிதுதான். மிச்சமிருக்கும் சீட்டுகளில் பத்தும் படமும் ஏஸும் அதிகம் என்றால் நமக்கு யோகம். சின்னச் சீட்டுகள் அதிகம் என்றால் கேசினோவுக்கு. 1962-லேயே எட்வர்ட் தோர்ப் என்ற கணித மேதை புத்தகம் போட்டு இந்த ரகசியத்தை உடைத்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு முறையைக் கண்டுபிடித்துப் புதியவன் தலையில் கட்டினார்கள்.

முதலில் ஹை-லோ. இரண்டு முதல் ஆறு வரை வந்தால் ஒன்று கூட்டு. பத்து, படம், ஏஸ் வந்தால் ஒன்று கழி. ஏழு, எட்டு, ஒன்பதைக் கண்டுகொள்ளாதே. இவ்வளவுதானா என்று நிமிர்ந்தால், பின்னாலேயே வகுத்தல் வருகிறது. ஆறு கட்டு மேஜையில் கணக்கு +6 ஆகிவிட்டது என்று குதிக்கக் கூடாது. இன்னும் எத்தனை கட்டு பாக்கி என்று கண்ணால் அளந்து வகுக்க வேண்டும். மூன்று கட்டு பாக்கியென்றால் வெறும் +2.

வகுத்தல் ஆகாதவர்களுக்கு 1998-ல் வந்தது கே.ஓ. ஏழையும் கூட்டல் கணக்கில் சேர்த்துவிட்டால் வகுக்கவே வேண்டாம். ஆனால் ஆறு கட்டு மேஜையில் எண்ணிக்கையை மைனஸ் 20-ல் தொடங்க வேண்டும். உட்காரும்போதே இருபது கடன்.

அறிவாளிகளுக்கு ஒமேகா டூ. நாலு, ஐந்து, ஆறுக்கு இரண்டிரண்டாகக் கூட்டி, பத்துக்கு இரண்டு கழித்து, ஏஸைத் தனிக்கணக்காக வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் வாங்கின் ஹாவ்ஸ் முறையிலோ ஐந்துக்கு ஒன்றரை, இரண்டுக்கும் ஏழுக்கும் அரை. அரை, ஒன்றரை என்று முணுமுணுத்தால், பக்கத்துத் தமிழர் நான் பால் வாங்க வந்திருப்பதாக நினைப்பார்.

ஒத்திகை டைனிங் டேபிளில். ஹை-லோவில் முழுக் கட்டையும் எண்ணி முடித்தால் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஒரு சீட்டை மட்டும் கவிழ்த்து ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைப் புரட்டிக்கொண்டே போனேன். ரசத்துக்குத் தாளித்த கரண்டியோடு பார்த்துக்கொண்டிருந்த மனைவி, நான் வாய் திறப்பதற்குள், "மைனஸ் ஒண்ணு. நீங்க ஒதுக்கினது சின்னச் சீட்டு" என்றாள். திருப்பினால் டைமண்ட் நாலு.

"எப்படி?"

"ராஜாவும் அஞ்சும் சேர்ந்து விழுந்தா ஒண்ணுக்கொண்ணு அடிபட்டுப் போகுது. அதைப் போய் எதுக்குங்க எண்ணணும்?"

நிபுணர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் நுணுக்கம் இது. எந்த முறை உசத்தி என்று அவளிடமே கேட்டேன்.

"எதையாவது ஒண்ணை ஒழுங்கா எண்ணுங்க."

சரிதான். கடினமான முறைக்கும் ஹை-லோவுக்கும் வரும்படியில் வித்தியாசம் சொற்பம். கணக்கு நாலு இடத்தில் பிசகினால் அந்தச் சொற்பமும் காலி. எண்ணுவதற்கு முன்பே, எப்போது சீட்டு கேட்பது, எப்போது நிறுத்துவது என்ற அட்டவணை மனப்பாடமாக வேண்டும். அதற்குத்தான் பேசிக் ஸ்ட்ராடஜி என்று பெயர். அதைப் பிசகாமல் ஆடினால், விதிகள் நல்லபடி இருக்கும் மேஜையில் கேசினோவின் கை சுமார் அரை சதவீதம்தான் ஓங்கியிருக்கும். அதற்குமேல் எண்ணி, பந்தயத்தை ஏற்றி இறக்கினால், நம் பக்கம் ஒரு சதவீதம்போல் சாயும். நூறு டாலர் வைத்தால் சராசரியாக ஒரு டாலர், அதுவும் நெடுங்காலம் ஆடினால். தீர்ப்பிலும் ஓட்டை உண்டு: நம்மை எழுப்பத்தான் முடியாது, சந்தேகம் வந்தால் நடுவிலேயே சீட்டைக் கலைத்துப் போடலாம். எண்ணியதெல்லாம் அம்போ.

பெட்ரோல், டோல், பார்க்கிங் மூன்றையும் கூட்டிக் காட்டினாள் மனைவி. கே.ஓ.வின் மைனஸ் 20 எவ்வளவோ தேவலை.

ஆகவே இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறேன். ஹை-லோவா, கே.ஓ.வா என்று அலசிக்கொண்டிருக்கும்வரை கேசினோவால் என்னிடம் ஒரு டாலர்கூடப் பிடுங்க முடியாது. புதியவனுக்கு இதைவிடப் பாதுகாப்பான முறையை தோர்ப்பே சொல்லவில்லை.